ரெண்டு காதும் பாடுச்சு பாருங்க!

தறி ஓடுற வீட்டுக்குள்ள உக்காந்து, ரெண்டு காதுலயும் இயர்பட்ஸ் மாட்டிக்கிட்டு, இளையராஜா பாட்டு கேட்டிருக்கீங்களா? இல்லைன்னா ஒரு பெரிய சந்தோஷம் உங்களுக்கு இன்னும் பாக்கி இருக்குங்க! நான் ஆரணிக்காரன். பட்டுத் தறிச் சத்தத்துலயே பொறந்து, அந்தச் சத்தத்துலயே தூங்கி வளர்ந்தவன். எனக்கே இது இப்பத்தான் கிடைச்சுது. கிடைச்ச நாள்லேர்ந்து வேற பேச்சே இல்லை. டீக்கடையில இதைத்தான் பேசுறேன், பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட இதைத்தான் பேசுறேன், கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தாலும் இதே பேச்சுதான். இப்ப உங்ககிட்ட வந்திருக்கேன்.

முதல்ல அந்தச் சத்தத்தைச் சொல்லிடறேன். திருவண்ணாமலை மாவட்டம், கமண்டல நாகநதிக் கரை, பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊர் எங்களது. நெசவுத் தெருவுல நுழைஞ்சா வீடு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி தறி காதுக்குத் தெரிஞ்சிடும். குழித்தறியில உக்காந்து மிதியை ஒரு மிதி மிதிச்சா தலைக்கு மேல ஜக்கார்டு பெட்டி ‘டடக்’குன்னு இழையைத் தூக்கும், கயித்தை ஒரு இழுப்பு இழுத்தா நாடா ‘விர்ர்’னு அந்தப் பக்கம் பாயும், பாய்ஞ்சு முடிக்கிறதுக்குள்ள பலகை வந்து ஊடையை ‘டக்’குன்னு தட்டும், உடனே மறுபடியும் மிதி. ஒரு தறிக்கே இவ்வளவு. வரிசையா தறி போட்ட வீடுன்னா பேசுறவங்க வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்கணும். எங்க தாத்தா தறி மரத்துல ஆணியடிச்சு ஒரு டிரான்சிஸ்டரை மாட்டி வெச்சிருந்தார். இலங்கை வானொலி பாடும். நாடா பாயாத அந்தச் சின்ன இடைவெளியிலதான் பாட்டு காதுக்கு வரும். பல்லவியில பாதி, சரணத்துல கால்வாசி, நடுவுல வந்தது வயலினா புல்லாங்குழலான்னு யாருக்கும் தெரியாது. எங்க தெருவே அப்படித் துண்டு துண்டாத்தான் பாட்டு கேட்டுச்சு. அதையும் ரசிச்சுக் கேட்டோம், அது வேற விஷயம்.

அப்புறம் ஒயர் ஹெட்செட் வந்துச்சு. ஊரெல்லாம் கொண்டாடினாங்க, எங்க ஆட்களுக்கு மட்டும் அது ஒத்துவரலை. ஏன்னு கேளுங்க. நெசவாளி குனிஞ்சு நிமிர்ந்துக்கிட்டே இருக்கிறவர். அறுந்த இழையை எடுத்துப் பிணைக்கணும்னா பாவு மேல கவுந்து படுக்காத குறையா சாயணும். அப்ப நெஞ்சுல தொங்குற ஒயர் எங்க போகும்? நேரா பாவு மேல. பட்டுப் பாவுல ஒரு கொக்கி, ஒரு முனை உரசினாலும் இழை போச்சு. இழை போனா அதைத் தேடிப் பிடிச்சுக் கட்டுறதுக்குள்ள அடிக்க வேண்டிய ஊடை அத்தனையும் நின்னுடும். ரெண்டு கையும் ரெண்டு காலும் வேலையில இருக்கிற ஒரு மனுஷனுக்கு ஒயர் இல்லாத இயர்பட்ஸ் எப்பேர்ப்பட்ட வரம்னு நினைச்சுப் பாருங்க! ஆப்பிள் 2016-ல ஏர்பாட்ஸை அறிமுகம் பண்ணினப்ப அது பணக்காரங்க விளையாட்டுச் சாமான்னுதான் எல்லாரும் பேசினாங்க. இன்னிக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ள நல்ல ஜோடியே கிடைக்குது. இந்தச் சாமான் யாருக்காகப் பொறந்துச்சுன்னு என்னைக் கேட்டா, குழித்தறி நெசவாளிக்காகத்தான்னு அடிச்சுச் சொல்வேன்.

எங்க மாமாவுக்கு அவர் பையன் ஒரு ஜோடி வாங்கிக் குடுத்திருந்தான். நான் போன அன்னிக்கு அவர் தறியில உக்காந்திருக்கார், வலது காதுல மட்டும் ஒண்ணு மாட்டியிருக்கு, இடது காது காலி.

“இன்னா மாமா, ஒண்ணுதான் மாட்டினு கீற?”

“ஒரு காதுதான் பாடுதுப்பா. இன்னொண்ணு வாங்கின கொஞ்ச நாள்லயே ஊமையாப் பூட்சி. போவுது போ, பாதி பாட்டாவது கேக்குதே.”

பாதி பாட்டு! இளையராஜா பாட்டுல பாதி! எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டது. ஏன்னா ஸ்டீரியோவுல இடது பக்கத்துக்குன்னு தனியா ஒரு உலகமே வெச்சிருப்பாங்க. கிடார் அங்க இருக்கும், தபேலா இங்க இருக்கும், கோரஸ் ஒரு பக்கத்துலேர்ந்து கிளம்பி மறுபக்கம் போய்ச் சேரும். தமிழ்ல ஸ்டீரியோவுல பாட்டுப் பதிவான முதல் படம்னு பேர் வாங்கின ‘பிரியா’ வந்தது 1978-ல. மாமா அந்தக் காலத்து ஆளு, அந்தப் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனா ஒத்தை ஸ்பீக்கர் ரேடியோவுல கேட்டு மனப்பாடம் பண்ணினது. அதோட இடது வலது அவர் காதுக்கு ஒருநாளும் போனதே இல்லை. இன்னிக்கு விடறதில்லைன்னு முடிவு பண்ணி, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு திண்ணையில உக்காந்துட்டேன்.

முதல்ல போனைப் பார்த்தேன். செட்டிங்ஸ்ல ‘அணுகல்தன்மை’ன்னு ஒரு பகுதி இருக்கும், அதுக்குள்ள ஆடியோவுல இடது வலது பேலன்ஸ் கோடு ஒண்ணு உண்டு. யாராவது தெரியாம அதை ஒரு பக்கமா இழுத்து விட்டிருந்தா மறுபக்கம் சுத்தமா ஊமை ஆயிடும். மாமா போன்ல கோடு சரியா நடுவுல இருந்துச்சு. சரி, போன் மேல தப்பில்லை. அடுத்து கேஸைத் திறந்து ரெண்டு பட்ஸையும் உள்ள வெச்சேன். வலதுல குட்டியா வெளிச்சம் வந்துச்சு. இடதுல ஒண்ணும் இல்லை. அப்பவே பாதி புரிஞ்சுபோச்சு, அதுக்குச் சார்ஜே ஏறலை! கேஸை வாசல் வெயிலுக்குக் கொண்டு வந்து, கண்ணுக்குப் பக்கத்துல வெச்சு, அந்தக் குழிக்குள்ள எட்டிப் பார்க்கிறேன். அடியில கடுகை விடச் சின்னதா தங்க நிறத்துல பித்தளைப் புள்ளிங்க இருக்கும் தெரியுமா, பட்ஸுக்குச் சார்ஜ் ஏத்துற முனைங்க, அதுல ஒரு முனையைச் சுத்தி அரக்கு நிறத்துல ஒரு பொடி இழை. பட்டு இழைங்க! அரக்கு உடம்புச் சேலை தறியில ஓடிக்கிட்டு இருக்கு, அத்தை பக்கத்துல உக்காந்து தார் சுத்துறாங்க, காத்துல பறக்கிற பட்டுத் தூசு கேஸுக்குள்ள போய்க் குந்தி, முனையும் முனையும் தொடாம தடுத்துக்கிட்டு இருந்திருக்கு. ஆரணியில மட்டுமே வரக்கூடிய வியாதி இது! எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, என்னமோ ஒரு பெருமையும் வந்துச்சு.

ஊசியெல்லாம் போடக் கூடாதுங்க, முனை வளைஞ்சுடும். பல்குத்துற மரக்குச்சியால இழையை மெல்லச் சுருட்டி எடுத்தேன். தண்ணி படாத பஞ்சுக் குச்சியால புள்ளிகளைத் துடைச்சேன், பட்ஸோட வயித்துல இருக்கிற புள்ளிகளையும் துடைச்சேன், காது அழுக்கும் வேர்வையும் அங்கதான் படியும். திரும்ப உள்ள வெச்சேன். இடதுல வெளிச்சம் வந்துச்சு! ‘அத்தே, வந்துட்சி!’ன்னு நான் போட்ட கூச்சல்ல அத்தை ராட்டையையே நிறுத்திட்டாங்க.

ஆனா கதை அதோட முடியலை. கொஞ்ச நேரம் சார்ஜ் ஏத்தி எடுத்து மாட்டினா போன் வலதை மட்டும்தான் கண்டுபிடிக்குது. இங்கதான் பேரிங்னா என்னன்னு புரிஞ்சுக்கணும், புரிஞ்சா இந்தச் சாமான் மேல இன்னும் ஆசை வந்துடும். முதல் தடவை ஜோடி சேரும்போது போனும் பட்ஸும் தங்களுக்குள்ள ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி, ஆளுக்கு ஒண்ணா பத்திரப்படுத்தி வெச்சுக்குது. பழைய பாவு முடியற இடத்துல புதுப் பாவை இழைக்கு இழை முறுக்கிப் பிணைக்கிறோமே, அந்த மாதிரி. ஒரு தடவை பிணைச்சாச்சுன்னா அப்புறம் தறி தானா ஓடும், தினம் பிணைக்க வேண்டியதில்லை. ஆனா ஒரு பக்கம் சாவியை மறந்துட்டா? மறுபக்கம் பழைய சாவியையே நீட்டிக்கிட்டு நிக்கும், கதவு திறக்காது. ‘கனெக்ட் ஆகலை’, ‘சுத்திக்கிட்டே இருக்கு’, ‘நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு’ன்னு ஜனங்க புலம்புறதுல முக்கால்வாசி இதுதான். இன்னொரு சங்கதியும் இருக்கு. பல மாடல்கள்ல போன் நேரா ரெண்டு காதுக்கும் பேசாது. ஒரு பட்ஸ்கிட்ட பேசும், அது மத்ததுக்குக் கை மாத்தி விடும். அதனால ரெண்டு பட்ஸும் முதல்ல ஒண்ணுக்கொண்ணு உறவா இருக்கணும். இடது ரொம்ப நாள் செத்துக் கிடந்ததுல அந்த உறவு அத்துப்போயிருந்துச்சு. (2020-ல வந்த ப்ளூடூத் 5.2-ல ரெண்டு காதுக்கும் தனித்தனியா ஒலி அனுப்புற வழியே வந்துடுச்சு. புதுசா வாங்குறவங்க பெட்டி மேல ‘எல்ஈ ஆடியோ’ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, போன்லயும் அது இருக்கணும்.)

அதனால எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். போன்ல ப்ளூடூத் பட்டியலுக்குப் போய், பட்ஸோட பேருக்குப் பக்கத்துல இருக்கிற பல்சக்கரத்தைத் தொட்டு, ‘மறந்துவிடு’ன்னு குடுத்தேன். ரெண்டு பட்ஸையும் கேஸுல வெச்சு, மூடியைத் திறந்தபடியே கேஸ் முதுகுல இருக்கிற பட்டனை அழுத்திப் பிடிச்சேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் இது கொஞ்சம் மாறும், சிலதுல பட்ஸ் மேலயே விரலை வெச்சு அழுத்தணும், பெட்டியில வர்ற சீட்டைத் தூக்கிப் போடாதீங்க. பிடிச்சுக்கிட்டே இருக்கேன், இருக்கேன், வெளிச்சம் வேக வேகமா மின்ன ஆரம்பிச்சுது. போன்ல ‘புதிய சாதனம்’ தொட்டேன். சக்கரம் சுத்துது. தறியெல்லாம் நின்னுபோச்சு, அத்தை, மச்சான், அடுத்த தறி அண்ணன் எல்லாரும் என் தோளுக்கு மேல எட்டிப் பாக்குறாங்க, யாரும் மூச்சு விடலை. பேர் வந்துச்சு. தொட்டேன். ‘இணைக்கவா?’ன்னு கேட்டுச்சு. இணைப்பா, சீக்கிரம் இணை!

மாமா காதுல ரெண்டையும் நானே மாட்டினேன். ‘பிரியா’ பாட்டு ஒண்ணைப் போட்டுட்டு, தறியை ஓட்டுங்க மாமான்னு சைகை காட்டினேன். மிதிச்சார். டடக். நாடா பாய்ஞ்சுது. டக். நாலு ஊடை அடிச்சிருப்பார், கை அப்படியே அந்தரத்துல நின்னுபோச்சு. தலையை இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார், யாரோ பக்கத்துல நின்னு வாசிக்கிறாங்களான்னு தேடுற மாதிரி. அப்புறம் என்னைப் பார்த்து, காதுல மாட்டினா எல்லாரும் கத்துவோமே அந்தக் கத்தல்ல, “டேய், இந்தப் பக்கம் ஒருத்தன் கீறான்டா! இவ்ளோ நாளா இவன் எங்கடா இருந்தான்?”னு கேட்டார் பாருங்க, நான் குதிச்சேன். நிஜமாவே திண்ணையிலேர்ந்து எம்பிக் குதிச்சேன், மச்சானைக் கட்டிப் பிடிச்சேன், கண்ணுல தண்ணி கொட்டுது, துடைக்கக்கூடத் தோணலை. யேசுதாஸ் குரல் நட்ட நடுவுல, மூக்குக்கு நேரா நிக்குதாம். வயலின் கூட்டம் ஒரு பக்கத்துலேர்ந்து எழும்பி வருதாம். சொல்லிக்கிட்டே இருக்கார் மனுஷன், ஒவ்வொரு வாத்தியமா விரலால எடம் காட்டுறார், அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, மேல ஒண்ணுன்னு, இத்தனை வருஷமா மனப்பாடமா பாடின பாட்டை அன்னிக்குத்தான் முதல் தடவையா முழுசாக் கேக்குறார்!

இப்ப சொல்லப் போறதைக் கேட்டா உங்களுக்கும் புல்லரிக்கும். அந்தப் பாட்டு போன்லேர்ந்து காதுக்கு எப்படிப் போகுது தெரியுமா? 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல 79 தடங்கள். ஒரே தடத்துல நின்னு பேசினா வைஃபை, பக்கத்து வீட்டு ப்ளூடூத்னு எல்லாம் மோதும். அதனால போனும் பட்ஸும் ஒரு நொடிக்கு 1,600 தடவை வரைக்கும் தடம் விட்டுத் தடம் தாவிக்கிட்டே பேசுது. ஒரு நொடிக்கு ஆயிரத்து அறுநூறு! போனோட முகவரியும் அதோட கடிகாரமும் சேர்ந்து தாவுற வரிசையை முடிவு பண்ணும், அந்த வரிசை தெரிஞ்ச பட்ஸ் மட்டும் கூடவே தாவும். இப்படித் தாவித் தாவிப் பேசுற யோசனைக்கு ஹெடி லாமார்னு ஒரு ஹாலிவுட் நடிகை, இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தேலோட சேர்ந்து 1942-லயே அமெரிக்காவுல காப்புரிமை வாங்கியிருக்காங்க. கடல்ல பாயுற டார்பிடோ குண்டை ரேடியோவால ஓட்டணும், எதிரி அதைக் குழப்பிடக் கூடாது, அதுக்குக் கண்டுபிடிச்சது. கப்பல்ல ஒண்ணு, குண்டுல ஒண்ணுன்னு ரெண்டு ஓட்டைக் காகிதச் சுருள் ஒரே நேரத்துல சுத்தும், ஓட்டை மாற மாற அலைவரிசை மாறும், பியானோ கட்டைங்க எத்தனையோ அத்தனை, 88 அலைவரிசை. அந்தச் சுருள் எங்கேர்ந்து வந்துச்சு? தானா வாசிக்கிற பியானோவுக்குப் போடுற சுருள் அது. ஓட்டை போட்ட காகிதத்தை வெச்சு ஒரு இயந்திரத்தை ஆட்டுவிக்கிற அந்த வித்தையை உலகத்துக்கே பெருசா காட்டினது யாரு? பிரான்ஸ்ல லியோன்ங்கிற பட்டு ஊர்ல பொறந்த நெசவாளி மகன் ஜோசப் மரி ஜக்கார்டு, 1804 வாக்குல! நிமிர்ந்து பார்க்கிறேன், மாமா தலைக்கு மேல ஜக்கார்டு பெட்டியில ஓட்டை போட்ட அட்டைங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு இறங்கிக்கிட்டு இருக்கு. ஓட்டை இருக்கிற எடத்துல ஊசி நுழையும், இழை எழும்பும், சேலைக் கரையில அன்னம் ஒண்ணு வளர்ந்துக்கிட்டு இருக்கு. ப்ளூடூத் செஞ்சவங்க அந்த நடிகையோட காகிதத்தைப் பார்த்து அப்படியே எடுக்கலைதான், ஆனா தாவுற தத்துவம் அதேதான். தலைக்கு மேலயும் காதுக்குள்ளயும் ஒரே வம்சம்ங்க! ஒரு பட்டு ஊர்ல கிளம்பின வித்தை உலகத்தைச் சுத்தி இன்னொரு பட்டு ஊருக்கு, எங்க மாமா காதுக்கு, வந்து சேர்ந்திருக்கு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

சேதி தெருவுல பரவிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள திண்ணையில ஆளுக்கொரு கேஸோட நிக்கிறாங்க, எனக்குத் தலைகால் புரியலை! ஒருத்தருக்குப் பாட்டு விட்டு விட்டு வருதாம். எங்க வெச்சிருக்கீங்க போனைன்னு கேட்டா, தறிக் குழிக்குள்ள இருக்கிற மாடத்துல. அலைக்கும் காதுக்கும் நடுவுல மண்ணும் மனுஷ உடம்பும் இருந்தா எப்படிங்க வரும்? உடம்புல பெரும்பங்கு தண்ணி, இந்த அலையைத் தண்ணி குடிச்சிடும். போனை எடுத்து எதிர்ல தறி மரத்து மேல, காதுக்கு நேரா வைக்கச் சொன்னேன். அடைப்பே இல்லாம ஓடுச்சு. இன்னொரு அக்காவுக்குக் ‘கனெக்டட்’னு காட்டுது, ஆனா சத்தம் போன்லேர்ந்தே வருது. பல்சக்கரத்துக்குள்ள ‘மீடியா ஆடியோ’ அணைஞ்சு கிடந்துச்சு, தட்டிவிட்டதும் பாட்டு காதுக்கு வந்துடுச்சு. ஒரு தம்பிக்கு மாட்டின உடனே கனெக்ட் ஆகுது, ஆனா அவன் போனோட இல்லை, உள் ரூம்ல படிக்கிற தங்கச்சி போனோட! அவகிட்ட ப்ளூடூத்தை அணைக்கச் சொன்னதும் இவன் போனுக்குத் தாவி வந்துடுச்சு. எதுக்கும் மசியாத ஒண்ணே ஒண்ணுக்கு, போனை அணைச்சுப் போட்டேன். அதுக்கும் மசியலைன்னதும் செட்டிங்ஸ்ல ‘வைஃபை, ப்ளூடூத் ரீசெட்’ பண்ணினேன். வைஃபை பாஸ்வேர்டை மறுபடி போடணும், ப்ளூடூத் சாமான்களை மறுபடி ஜோடி சேர்க்கணும், அவ்வளவுதான் நஷ்டம்.

குறைன்னு ஏதாவது சொல்லியே ஆகணும்னா, தறி ஓடும்போது போன் பேசினா எதிராளிக்கு நம்ம குரலை விட நாடாச் சத்தம் நல்லாக் கேட்கும். ஒரு நிமிஷம் கையை நிறுத்திட்டுப் பேசினா போச்சு. சத்தத்தை மட்டும் ஏத்தி வைக்காதீங்க, 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தறியை ஜெயிக்கணும்னு வால்யூமைக் கூட்டாதீங்க. பெட்டியில மூணு அளவுல ரப்பர் வருதே, அதுல காதுக்குச் சரியா அடைக்கிறதைப் போடுங்க. வெளிச்சத்தம் தானா குறையும், பட்ஸும் நழுவிக் குழிக்குள்ள விழாது. ஒரு காது சரியாக் கேட்காத பெரியவங்க வீட்டுல இருந்தா அதே அணுகல்தன்மைப் பகுதியில ‘மோனோ ஆடியோ’வைப் போட்டு விடுங்க, ரெண்டு பக்கத்துப் பாட்டும் கேட்கிற காதுக்கே வந்துடும். அத்தையோட அம்மாவுக்கு அப்படித்தான் போட்டுக் குடுத்தேன், அந்தக் கிழவி இப்ப அதைக் கழட்டவே மாட்டேங்குது!

நீங்களும் இன்னிக்கே உங்க கேஸைத் திறந்து வெயில்ல காட்டி அந்தப் பித்தளைப் புள்ளிகளைப் பாருங்க. தூசு இருந்தா துடைச்சிடுங்க, ‘மறந்துவிடு’ குடுங்க, பட்டனைப் பிடிங்க. எல்ஈ ஆடியோ இல்லாத பட்ஸுக்குப் பட்டியல்ல ஒரே பேர் ரெண்டு தடவை வந்து, ஒண்ணு முன்னாடி மட்டும் ‘எல்ஈ’ன்னு இருந்தா அதை விட்டுட்டு மத்ததைத் தொடுங்க. ஆங், முதல் பாட்டா எதைப் போடுறதுன்னு தெரியலைன்னா ‘பிரியா’வையே போடுங்க, போட்டுட்டு உங்க இடது பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு எனக்குச் சொல்லியே ஆகணும்!